பலகையில் நிலைத்த ஊர்கள்: சென்னைப் புறநகர்த் தொடர்வண்டி நிலையங்களின் பெயர் வரலாறு

ஊர்ப்பெயர் என்பது மக்கள் பலர் கூடி, எழுத்தறியாத காலத்திலேயே எழுதி வைத்த மிகச் சிறிய வரலாறு. ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலில் ரா.பி. சேதுப்பிள்ளை இவ்வுண்மையைத் தமிழுலகம் உணருமாறு விளக்கினார். அவர் காட்டிய வழியில் ஊர்ப்பெயர்களை ஆராய்வோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் பழைய இலக்கியங்களையும் நாடுவது வழக்கம். எனினும், நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்களின் கண்ணில் படும் ஓர் எழுத்துச் சான்று அவர்களது கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. தொடர்வண்டி நிலைய மேடையின் இரு முனைகளிலும் நிற்கும் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகையே அச்சான்றாகும்.

சென்னை என்னும் பெருநகரம் ஒரே ஊராகத் தோன்றியதன்று. கடற்கரையில் எழுந்த ஒரு கோட்டையைச் சுற்றி, ஏரிக்கரைகளிலும் கோயில் வாயில்களிலும் குன்றடிகளிலும் பன்னெடுங்காலமாக வாழ்ந்த சிற்றூர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தன்னுள் அடக்கிக்கொண்டு வளர்ந்த நகரம் அது. அவ்வாறு அடங்கிய ஊர்களின் எல்லைகள் இன்று மறைந்துவிட்டன. ஏரிகள் தூர்ந்தன, வயல்கள் மனைகளாயின. ஆயினும் அவ்வூர்களின் பெயர்கள் பிழைத்திருக்கின்றன. அவை பிழைத்ததற்கு ஒரு முதன்மையான காரணம், அந்நகர வளர்ச்சிக்கே வழி வகுத்த இருப்புப்பாதைதான். ஊர்களை நகருக்குள் இழுத்து வந்த தண்டவாளமே அவற்றின் பெயர்களையும் காத்துத் தந்தது என்னும் முரண், வரலாறு கற்போரும் கவிதை படைப்போரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது.

தொடக்கம்

சென்னைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள உறவு கல் சுமந்த உறவாகத் தொடங்கியது. செங்குன்றப் பகுதியிலிருந்து சாலைப் பணிக்குக் கருங்கல் கொண்டுவருவதற்காக, ஆர்தர் காட்டனின் முயற்சியால் 1837-இல் ஒரு சிறு இருப்புப்பாதை அமைந்தது. மக்கள் பயணம் செய்யும் வண்டி வருவதற்கு மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாளிலிருந்து இராயபுரத்திற்கும் ஆற்காட்டுப் பகுதியிலுள்ள வாலாஜா ரோட்டிற்கும் இடையே பொதுமக்களுக்கான வண்டி ஓடலாயிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி அதுவே.

மும்பையிலும் தாணேவிலும் இதற்கு முன்பே எழுந்த நிலையங்களின் முதற்கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே, இந்நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையதாக இராயபுரமே கருதப்படுகின்றது. பல்லாண்டு பாழடைந்து கிடந்த அது 2005-இல் புதுப்பிக்கப்பெற்றது. அதன் பெயரும் பொருள் உடையது. புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘இராயப்பர்’ என வழங்குவர். கடல்தொழில் புரிந்த மக்கள் எழுப்பிய இராயப்பர் கோயிலைச் சார்ந்து அமைந்த குடியிருப்பே இராயபுரம் ஆயிற்று. ஆங்கிலேய நிறுவனம் தன் முதல் நிலையத்திற்கு ஆளுநர் பெயரையோ அரசியார் பெயரையோ சூட்டாமல், தமிழ் மீனவர் தம் வழிபாட்டிற்கு உரியவரை அழைத்த பெயரையே ஏற்றுக்கொண்டது. இது கருதிச் செய்த சிறப்பு ஆகாது. வண்டி எங்கே நிற்கின்றதோ அவ்விடத்து மக்கள் அதனை எவ்வாறு அழைக்கின்றார்களோ அதனையே எழுதுவது நிலையத்தின் இயல்பான வழக்கம். இவ்வழக்கமே பின்வந்த பெயர்களையும் காத்தது.

1873-இல் சென்ட்ரல் நிலையம் அமைந்தது. சிவப்பு வண்ணமும் மணிக்கூண்டும் கொண்டு அது நகரின் முகமாக மாறியது. தெற்கு நோக்கிச் செல்லும் மீட்டர் பாதைக்குரிய எழும்பூர் நிலையத்தை ஹென்றி இர்வின் வரைந்தார். பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை கட்டினார். 1908 ஜூன் மாதத்தில் அது திறக்கப்பெற்றது. இவ்விரு பெருநிலையங்களைப் பற்றி எழுதியோர் பலர். அவற்றிற்கு இடையிலும் அப்பாலும் சிறிய மேடைகளோடு நிற்கும் நிலையங்களே ஈண்டு ஆய்வுக்குரியன.

பாக்கமும் பேட்டையும்

சென்னைப் புறநகர் நிலையங்களின் பெயர்களை வரிசையாகப் படிப்போர்க்கு முதலில் புலனாவது ‘பாக்கம்’ என்னும் ஈறு. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் என்பன தெற்குத் தடத்தில் அமைந்தவை. வில்லிவாக்கமும் பட்டரவாக்கமும் மேற்குத் தடத்தில் வருவன. வடக்கே கத்திவாக்கம் உள்ளது. பாக்கமே ‘வாக்கம்’ எனத் திரிந்து நிற்பது மொழியறிந்தோர் அறிந்ததே. நிகண்டு நூல்கள் பாக்கத்தையும் பட்டினத்தையும் நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர்களாகச் சுட்டுகின்றன. சிலப்பதிகாரம் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டுவதை இலக்கியம் கற்றோர் நன்கு அறிவர். அச்சொல் தொண்டை நாட்டில் கடலோரத்தைக் கடந்து ஏரிக்கரை ஊர்களுக்கும் பரவி நின்றதற்கு இந்நிலையப் பலகைகளே சான்று.

நவாபுகளின் குதிரைத் தோட்டம் இருந்த இடமாதலால் ‘கோடா பாக்’ என்னும் உருதுத் தொடர் கோடம்பாக்கம் ஆயிற்று என்னும் கதை ஒன்று வழங்குகின்றது. கதை சுவையானதே. ஆயினும் ஒரே ஈறுடைய ஊர்கள் சுற்றிலும் பல இருக்க, ஒன்றை மட்டும் அயல்மொழித் திரிபு எனக் கொள்வது பொருந்துவதாக இல்லை. ஒரு நிலையத்தின் பெயரைத் தனியே பார்த்தால் தடுமாற்றம் நேரும். தடத்தின் வரிசையில் வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும்.

இவ்வூர்களின் தொன்மைக்கும் சான்று உண்டு. நுங்கம்பாக்கம், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இடம்பெறும் ஊர். அச்செப்பேடுகளைக் காத்து வைத்திருந்த திருவாலங்காடு, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர்த் தடத்தில் இன்று ஒரு நிலையம். ஆகவே, நுங்கம்பாக்கத்தின் பழம்பெயரும் அப்பெயரைப் பொறித்த செப்பேட்டின் ஊரும் ஒரே நகரின் புறநகர் வண்டிகள் நின்று செல்லும் இரு மேடைகளாக விளங்குகின்றன. ஆயிரம் ஆண்டு இடைவெளியை இருப்புப்பாதை சில மணி நேரப் பயணமாகச் சுருக்கிவிட்டது.

கிழக்கிந்தியக் கும்பினி கோட்டையிலிருந்து கைநீட்டி ஊர்களைப் பெற்ற வரலாறும் பலகைகளில் அடங்கியுள்ளது. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவை கும்பினியின் வசமாயின. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்னும் ஐந்து ஊர்கள் சேர்ந்தன. இவ்வெட்டு ஊர்களுள் எழும்பூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம் ஆகிய ஆறும் பின்னாளில் புறநகர்த் தடங்களில் நிலையங்களாயின. கொடையாக வாங்கிய ஊர்களின் பட்டியல் ஏறத்தாழ நிலையங்களின் பட்டியலாகவே மாறியது எனலாம்.

பாக்கம் கும்பினிக்கு முந்திய வேளாண் வாழ்வைக் காட்டுமாயின், ‘பேட்டை’ கும்பினியின் வாணிகத்தைக் காட்டுகின்றது. துணி ஏற்றுமதியே சென்னையின் உயிராக இருந்த காலத்தில், துணியை வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-இல், நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே அவ்வாறு மருவியது என்பர். நூற்றோரும் நெய்தோரும் வெளுத்தோரும் தனித்தனிப் பெயர்களோடு எந்த ஆவணத்திலும் நிலைக்கவில்லை. அவர்தம் தொழில் மட்டும் நிலையத்தின் பெயராக நின்று நிலவுகின்றது.

1931: மின்தடமும் நகர்ப்பெருக்கமும்

1931-ஆம் ஆண்டு சென்னை வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை, ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவிற்கு, மீட்டர் பாதையில் மின்வண்டியை இயக்கத் தொடங்கியது. 1895 முதல் நகரில் மின்சார டிராம் ஓடிக்கொண்டிருந்ததால் மின்னாற்றலால் ஓடும் வண்டி சென்னைக்குப் புதிதன்று. டிராம் நகரின் உள்ளே சுற்றியது. மின்தொடர்வண்டியோ நகரை வெளியே நீட்டியது. 1953-இல் டிராம் நின்றுபோயிற்று. அதன் நிறுத்தங்களின் பெயர்கள் முதியோரின் பேச்சோடு மறைந்தன. மின்தொடர்வண்டி நிலைத்தமையால் அதன் நிறுத்தங்களும் நிலைத்தன.

இத்தடம் செய்த மாற்றத்திற்கு மாம்பலம் தக்க எடுத்துக்காட்டு. அங்கே நெடிய ஏரி ஒன்று பரந்து கிடந்தது. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1920-களில், அவ்வேரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. புதிய நகருக்குத் தியாகராயச் செட்டியாரின் பெயர் சூட்டப்பெற்றது. தெருக்களும் பூங்காவும் நீதிக்கட்சித் தலைவர்கள் பெயர்களைத் தாங்கின. நிலையம் மட்டும் ‘மாம்பலம்’ என்னும் பழைய ஊர்ப்பெயரை விடவில்லை. இன்றும் தியாகராய நகருக்குச் செல்வோர் மாம்பலத்தில்தான் இறங்குகின்றனர். நகரத் திட்டம் மறக்க முற்பட்ட ஊரை நிலையம் மறக்கவில்லை. நுங்கம்பாக்கத்து ஏரியின் கதையும் இதனோடு ஒத்தது. அவ்வேரி இருந்த பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரிக்கு அடையாளமாக எஞ்சியிருப்பவற்றுள் ‘லேக் ஏரியா’ என்னும் தெருத்தொகுதியின் பெயரும் ஒன்று.

2004-ஆம் ஆண்டில் இத்தடத்தின் மீட்டர் பாதை மின்வண்டி விடைபெற்று, அகலப்பாதை முழுமையாக அதன் இடத்தைப் பெற்றது. வண்டி மாறியது, அகலம் மாறியது. கடற்கரை முதல் தாம்பரம் வரையுள்ள 18 நிலையங்களின் வரிசை மாறவில்லை.

இல்லாதவற்றின் பெயர்கள்

சில நிலையங்கள் தம்மைச் சுற்றி இப்போது இல்லாத ஒன்றின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ‘கடற்கரை’ நிலையத்தில் இறங்குவோர்க்குக் கடற்கரை தென்படுவதில்லை. ஒருகாலத்தில் அலைகள் சாலையின் அருகே வந்து மோதிய இடம் அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய துறைமுகப் பணி கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. கடல் விலகியதற்கு அந்நிலையப் பெயரே சாட்சியம்.

‘பூங்கா’ நிலையத்தின் கதை இதனினும் உருக்கமானது. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், 1859-இல் திட்டமிட்டு நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்த மக்கள் பூங்காவே இப்பெயருக்குக் காரணம். குளங்களும் நடைபாதைகளும் விலங்குக் காட்சியகமும் அங்கு இருந்தன. 1886-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அங்கு நிகழ்ந்த கண்காட்சியில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் விளையாட்டரங்கும் பிறவும் பூங்காவைச் சிறுகச் சிறுகத் தமக்கெனக் கொண்டன. விலங்குகள் 1985-இல் திறக்கப்பெற்ற வண்டலூர் உயிரியல் பூங்காவிற்குக் குடிபெயர்ந்தன. பூங்கா நிலையமும் வண்டலூர் நிலையமும் ஒரே தடத்தில் உள்ளன. பூங்காவின் பெயர் ஒரு முனையில் தங்க, உயிர்கள் மறுமுனைக்குச் சென்றுவிட்டன.

நூல்களை நேசிப்போர் நெஞ்சில் ஆறாத வடு ஒன்று உண்டு. சென்ட்ரலை ஒட்டி 1900-இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்குப் புகழ் பெற்றது. எங்கும் கிடைக்காத பதிப்புகளைத் தேடி அறிஞரும் மாணவரும் கவிஞரும் அங்கே கூடினர். கையில் காசில்லாதவர் நின்றுகொண்டே படித்துத் திரும்பினர். 1985-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர் வண்டிகளுக்கான முனையமும் பயணச்சீட்டு முன்பதிவு மாளிகையும் எழுந்தன. அம்முனையத்திற்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்றே பெயர். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் விரைவோரின் காலடியில் ஒரு நூற்சந்தையின் சாம்பல் புதைந்துள்ளது. எரிந்த நூல்களுக்கு நினைவுத்தூண் எதுவும் இல்லாத நிலையில், அப்பெயரே நினைவுத்தூணாக நிற்கின்றது.

உழைப்பின் பெயரும் நோயின் பெயரும்

அரசரையும் ஆண்டவனையும் மட்டுமே பாடிய பெயர்கள் அல்ல இவை. பெரம்பூரில் ‘பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்’, ‘பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்’ என இரு நிலையங்கள் தொழிற்கூடங்களின் பெயராலேயே வழங்குகின்றன. 1856-இலேயே பணிமனை கண்ட அப்பகுதியில், 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைப் பண்டித நேரு தொடங்கி வைத்தார். நாடெங்கும் ஓடும் பெட்டிகளைச் செய்த கைகள் நாள்தோறும் இறங்கி ஏறிய மேடைகளுக்கு அவ்வுழைப்பின் பெயர் அமைந்தது பொருத்தமே.

குரோம்பேட்டை, குரோம் என்னும் வேதிப்பொருளால் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்றது. அயல்நாட்டு உலோகப் பெயரோடு ‘பேட்டை’ என்னும் நம் ஈறு இயல்பாகச் சேர்ந்துகொண்டதைக் காணும்போது, ஊர்ப்பெயர் ஆக்கத்தில் மக்கள் மொழிக்கு இருக்கும் ஆற்றல் விளங்கும். அதற்கு அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். காசநோய்க்கு உறுதியான மருந்து கண்டறியப்படாத காலத்தில், 1928-இல், மருத்துவர் டேவிட் சவுரிமுத்து அங்கே காசநோய் நல்வாழ்வகம் ஒன்றை நிறுவினார். நகரின் புகையும் நெரிசலும் எட்டாத தூய காற்றே அந்நாளைய மருந்து. இன்று அங்கே நகரின் நெரிசல் கடந்து சென்று நெடுந்தொலைவு ஆகிவிட்டது. ஒருகாலத்தில் அது நகருக்கு வெளியே இருந்த நிலம் என்பதைச் ‘சானடோரியம்’ என்னும் ஒரு சொல் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது.

பல்லாவரத்தின் தொன்மை இவையனைத்தையும் விஞ்சும். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் அங்கே பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்தே தொடங்கிற்று. மகேந்திரவர்மன் குடைந்த குகையும் அவ்வூரில் உண்டு. கற்கால மாந்தனும் பல்லவ மன்னனும் உலவிய நிலத்தின் பெயரை, அலுவலகம் செல்லும் பயணி இருக்கை தேடும் அவசரத்தில் ஒரு நொடி பார்த்துக் கடந்து செல்கின்றார்.

பதிகம் பெற்ற நிலையங்கள்

சென்னையின் புறநகர்த் தடங்களில் பயணம் செய்வது ஒருவகையில் பக்தி இலக்கியத்தின் வழியே பயணம் செய்வதாகும். வடதடத்தில் திருவொற்றியூர், மூவர் முதலிகளும் பாடிய தலம். பட்டினத்தார் அடங்கிய இடமாகவும் போற்றப்படுவது. வள்ளலார் உருகிப் பாடிய ஊர். மேற்குத் தடத்தில் சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் உள்ளது. அதனைக் கடந்தால், பொருளில்லாமையால் நெஞ்சிலேயே கோயில் எழுப்பிய பூசலார் வாழ்ந்த திருநின்றவூர். அதற்கும் அப்பால், காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகம் பாடிய திருவாலங்காடு.

இம்மரபு புதிய தடத்திலும் தொடர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1995-ஆம் ஆண்டு நவம்பரில் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கிய பறக்கும் தொடர்வண்டி, 1997-இல் மயிலாப்பூரை எட்டியது. 2004-இல் திருவான்மியூருக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் நீண்டது. ஆழ்வார்கள் பாடிய திருவல்லிக்கேணியும் சம்பந்தர் பூம்பாவைக்காகப் பதிகம் பாடிய திருமயிலையும் அத்தடத்தில் நிலையங்களாயின. ஆங்கில ஆவணங்களில் ‘டிரிப்ளிகேன்’ எனச் சிதைந்த பெயர் பலகையில் மீண்டும் ‘திருவல்லிக்கேணி’ ஆனது. ‘மயிலாப்பூர்’ என்பதினும் பழைய பாடல்களுக்கு நெருங்கிய ‘திருமயிலை’ என்னும் வடிவம் கொள்ளப்பட்டது. 2014-இல் திறக்கப்பெற்ற மற்றொரு நிலையத்திற்கு ‘முண்டகக்கண்ணியம்மன் கோயில்’ என்று பெயர். முண்டகம் தாமரை, தாமரைக் கண்ணியாள் உறையும் கோயில் என்பது பொருள். அச்சொல்லின் பொருளை அகராதியில் தேடும் ஒரு மாணவராவது இப்பலகையால் தோன்றியிருப்பார் எனில் அதுவே பெரும்பயன்.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. இத்தடத்தின் தூண்கள் நெடுந்தொலைவு பக்கிங்காம் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர்க்குக் கூலிவேலை தந்து வெட்டப்பட்ட பகுதியை உடைய கால்வாய் அது. படகுகள் சென்ற நீர்வழி தூண்களால் நெரிந்து சாக்கடையாகக் குறுகிற்று. பதிகங்களின் பெயர்களை மேலே மீட்டெடுத்த தடம், கீழே ஒரு நீரோட்டத்தை இழக்கச் செய்தது. வரலாறு இரு கைக்கும் கணக்கு வைத்திருக்கின்றது.

பெயர் மாற்றமும் பெயர்க் காப்பும்

ஒரே பலகையில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே நிற்கையில் இரு வரலாறுகள் எதிரெதிரே நிற்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’ என்று கிறித்துவின் சீடரை நினைக்கும் குன்றைத் தமிழ் ‘பரங்கிமலை’ என்று, அங்கு வந்து குடியேறிய ஐரோப்பியரை வைத்து அழைக்கின்றது. எழும்பூர் ‘எக்மோர்’ ஆகவும் சேத்துப்பட்டு ‘செட்பெட்’ ஆகவும் அயலார் நாவில் உருமாறின. தமிழ்ப் பலகை இல்லாதிருந்தால் மூலவடிவங்கள் வழக்கிறந்திருக்கவும் கூடும். 1996-இல் நகரின் பெயர் ‘சென்னை’ என ஆங்கிலத்திலும் மாறியது. ஆயினும் இருப்புப்பாதைத் துறையின் குறியீட்டில் சென்ட்ரல் நிலையம் ‘எம்.ஏ.எஸ்.’ என்றே தொடர்கின்றது. மதராஸ் என்னும் பெயர் மூன்றெழுத்தில் ஒடுங்கி உயிர் வாழ்கின்றது.

தலைவர்களின் பெயர்களை நிலையங்களுக்குச் சூட்டும் வழக்கம் இன்று வளர்ந்துள்ளது. 2019-இல் சென்ட்ரல் நிலையம் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயரைப் பெற்றது. 2020-இல் மெட்ரோ நிலையங்கள் மூன்றிற்கு அறிஞர் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா ஆகியோர் பெயர்கள் சேர்க்கப்பெற்றன. நன்றியுணர்வின்பாற்பட்ட இவ்வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், தலைவர் பெயர் ஊர்ப்பெயரோடு சேர்தல் வேறு. ஊர்ப்பெயரின் இடத்தைக் கவர்தல் வேறு. முன்னது வரலாற்றைக் கூட்டும், பின்னது கழிக்கும்.

இதற்கு நல்லதொரு முன்மாதிரி சென்னையிலேயே உள்ளது. ‘வியாசர்பாடி ஜீவா’ என்பது அந்நிலையத்தின் பெயர். 1708-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்ற ஊரும், உழைப்பாளர்க்காகப் போராடிப் பாரதியையும் கம்பனையும் மேடைதோறும் முழங்கிய ஜீவானந்தமும் ஒரே பலகையில் ஒருவரையொருவர் மறைக்காமல் நிற்கின்றனர். ‘அறிஞர் அண்ணா ஆலந்தூர்’ என்பதும் அவ்வகையினதே. இனிவரும் பெயரீடுகளுக்கு இதுவே நெறியாகுமாயின் ஊரும் வாழும், தலைவரும் வாழ்வர்.

நகரம் இன்னும் விரியும். மெட்ரோவின் புதிய தடங்கள் மேலும் பல ஊர்களை ஊடுருவிச் செல்லும். புதிய நிலையத்திற்குப் பெயரிடும்போது அருகிலுள்ள அங்காடியையோ நிறுவனத்தையோ நாடாமல், அவ்விடத்து முதியோர் அதனை எவ்வாறு அழைத்தனர் என்று கேட்பது அறிவுடைமை. கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்டதைப் பொருள் அறிந்து எழுதவும் ஆள் வேண்டும். தமிழ் கற்றோர்க்கும் கவிஞர்க்கும் இதில் கடமை உண்டு. சொல்லின் வேரை அறிந்தவர் வாய் மூடியிருந்தால், அதனை அறியாதவர் சூட்டும் பெயரே பலகையில் ஏறும். ஏறிய பின்னர் அதனை மாற்ற மாநில அரசின் முன்மொழிவும் நடுவண் உள்துறையின் இசைவும் வேண்டும். ஏரியை மீட்க இயலாத தலைமுறை, அந்த ஏரிக்கரை ஊரின் பெயரையேனும் பிழையின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும்.